சீட்டு கேட்ட பிள்ளையின் நாலாவது கேள்வி

ரீத்தா, சேவியர், இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் சேவியர் மருந்தாளுநர் வேலைக்கான உத்தரவைக் கொண்டுவந்து மாதா படத்துக்கு முன்னால் வைத்தான். "ரெண்டும் அப்பன் இருந்த எடத்துக்கே வந்துருச்சுங்க" என்று உங்கள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரீத்தா திருமயம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்குச் சாப்பிடும்போது அவள்தான், "நாய்க்கடிக் கதையச் சொல்லுங்கப்பா, இவனுக்குத் தெம்பா இருக்கும்" என்றாள். நானும் நூறாவது தடவையாகச் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தக் கதைக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். பத்தாங்கிளாஸை இரண்டாவது தடவையில் தாண்டியவன் எழுதுகிற எழுத்து இது. பிழை இருந்தால் ரீத்தா மனசுக்குள் திருத்திக்கொள்ளட்டும், சிவப்பு பேனா எடுக்க வேண்டாம்.

முதலில் நாய்க்கடி. மறுபடியுமா என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளித் தள்ளி என் முதுகு போன பிறகு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைப் புற நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு கண்ணாடி. அதில் கீழே, கை நுழைகிற அளவுக்கு ஒரு அரைவட்ட ஓட்டை. அந்த ஓட்டையில் வாயை வைத்து, பேர், வயசு, ஊர், என்ன செய்கிறது என்று எல்லோரும் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிற வரிசைக்கும் அது கேட்கும். அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒருநாள் ஒரு பையன் வந்து, "நாய்க்கடி ஊசி வலிக்குமா? என் பிரண்டுக்கு" என்றான். பிரண்டுக்கு என்று சொல்லும்போதே அவன் கை கெண்டைக்காலுக்குப் போனது. ஊர் பேரைக் கேட்டேன், அப்பா பேரைக் கேட்டேன், தெரிந்த ஆள். உடனே போன் போட்டேன். அப்பா வந்தார், ஊசி போட்டார்கள், பையன் பிழைத்தான். கடித்த நாய் நாலு நாளில் செத்துப்போனது என்று பிறகு தெரிந்தது. அந்த அப்பா ஒரு பலாப்பழத்தைச் சுமந்து வந்து கவுண்டரில் வைத்து, "ஒங்க வாய்க்குத்தாங்க இது" என்றார். ஆஸ்பத்திரி முழுக்க அந்த வாசம்.

அந்த வாசத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. அன்றைக்கே ஒரு வெள்ளை அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், "18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோருடன் வந்தால் மட்டுமே சீட்டு" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எந்தச் சட்டத்திலும் இல்லை. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "கையெழுத்து ஜம்முனு இருக்கு" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு ஊர்ப் பிள்ளை எது தனியாக வந்தாலும் வீட்டுக்குச் சொல்லிவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நம்ம பக்கத்தில் அது பெருமைதானே. பஸ்ஸில், டீக்கடையில், கோவில் வாசலில், "ஒங்க மக ஆஸ்பத்திரிக்கு வந்துச்சே, இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்பேன். அக்கறை என்று நினைத்தேன்.

இனி மற்றது.

நான் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது நடந்தது. மாவட்டத்திலிருந்து புதன்கிழமை தோறும் ஒரு மனநல டாக்டரம்மா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணி, கூட்டம் வடிந்துவிட்டது. யூனிபார்மில் ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை சைக்கிளை நிறுத்திவிட்டு கவுண்டர் வரைக்கும் வந்தது, அட்டையைப் படித்தது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது. மூன்றாவது தடவைதான் குனிந்து ஓட்டையில் பேசியது.

"சார், புதன்கிழம டாக்டரம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"என்ன செய்யிது?"

"ஒண்ணும் செய்யல சார். ஒண்ணு கேக்கணும்."

"கேக்குறதுக்கெல்லாம் சீட்டு கெடையாதுப்பா. கூட யாரு வந்துருக்கா?"

"யாரும் வரல. அவங்க எங்க ஸ்கூலுக்கு வந்தாங்க சார். எதுவானாலும் வந்து கேளுங்கன்னு சொன்னாங்க."

"எதுன்னு சொன்னாத்தான நான் சீட்டுல எழுத முடியும்?"

பின்னால் ஒரு பாட்டியம்மா இருமிக்கொண்டு நின்றார். பிள்ளை அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டுத் தாளை எடுத்து ஓட்டை வழியாக உள்ளே தள்ளியது. வாயால் சொல்ல முடியாததை டாக்டரிடம் நீட்ட எழுதி வைத்திருந்த தாள் அது. எனக்கு எழுதியது இல்லை. நான் பிரித்துப் படித்தேன்.

நாலு கேள்வி, நம்பர் போட்டு எழுதியிருந்தது. ஒன்று: ஆம்பளப் பிள்ளையாகப் பிறந்து, மனசுக்குள் சின்ன வயசிலிருந்தே பொம்பளப் பிள்ளையாக இருப்பது நோயா? இரண்டு: இதற்கு மருத்துவம் இருக்கிறதா, எந்த வயசில் செய்வார்கள்? மூன்று: போனில் பழக்கமான ஒருத்தர் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை பேர் அனுப்பியிருக்கிறார், சாப்பிடலாமா? நாலு: டாக்டரிடம் கேட்டால் வீட்டில் சொல்லிவிடுவார்களா?

அந்த நாலாவது கேள்வியையும் நான் படித்தேன், பிள்ளைகளே. இரண்டு தடவை படித்தேன். அதற்குள் சீட்டுக்குக் கேட்பது போல ஊரையும் அப்பா பேரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். நமக்கும் அவருக்கும் சாதியிலும் சாமியிலும் சம்பந்தம் கிடையாது, பழக்கத்தில் வந்த உறவு. உங்கள் அம்மாவுக்குப் பெருநாளுக்கு மல்லிகை அவர் கடையிலிருந்துதான் வரும்.

"அடுத்த வாரம் அப்பாவக் கூட்டிட்டு வா, சீட்டுப் போடுறேன்" என்றேன்.

"சார், அந்தப் பேப்பரு..."

"இருக்கட்டும். நான் டாக்டரம்மாகிட்டக் குடுத்துர்றேன்."

பிள்ளை அட்டையை இன்னொரு தடவை பார்த்தது, சைக்கிளை எடுத்தது. நான் தாளை டாக்டரம்மாவிடம் கொடுக்கவில்லை. சாயங்காலம் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தேன். வாயில் போட்ட வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தணிந்த குரலில், "மாப்ள, கோவப்படாதீங்க, பையன் வயசு அப்பிடி. மொதல்லயே தெரிஞ்சதால புடிச்சு நிறுத்திரலாம்" என்றேன்.

அவர் படித்தார். தராசில் பூ இருந்தது. அதை இறக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை.

"நல்லதுதான் செஞ்சீங்க மாமா" என்றார்.

நல்லதுதான் செய்தேன் என்று நானும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தப்புச் செய்கிறபோது நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு பூக்கடைக்காரரும் அவர் சம்சாரமும் ஒரு பிள்ளையை ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மொட்டை. வளர்த்து, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து வைத்திருந்த முடி எல்லாம் போய்விட்டது. கோவிலுக்குக் கூட்டிப்போய் எடுத்துவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்தி, போனைப் பிடுங்கி, திருப்பூரில் தாய்மாமன் கடைக்கு அனுப்ப டிக்கெட்டும் போட்டாயிற்றாம். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வாந்தி, தலைசுற்றல். நிற்க முடியவில்லை.

பெட்டில் போட்டார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன்.

"தம்பி, என்ன சாப்ட? சொல்லு. திட்ட மாட்டேன்."

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டது.

"பூச்சி மருந்து கிருந்து எதுவும்..."

"அய்யோ, எம்புள்ள அதெல்லாம் செய்யாதுங்க!" என்று அம்மாக்காரி அலறினார்.

"வாயத் தொறடா!" என்று அப்பா கத்தினார். பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அதற்கு நான்தானே கற்றுக்கொடுத்திருந்தேன்.

என்ன சாப்பிட்டது என்று தெரியாமல் அந்த டாக்டர் தவித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தேன், அந்த மூன்றாவது கேள்வி. அந்த நிமிஷம் எனக்கு இருந்த குழப்பத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது. இப்போது சொல்லாவிட்டால் உயிருக்கே வந்துவிடுமோ. சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு என்று தோன்றியது.

பிறகு ஒன்று செய்தேன். "டாக்டர், ஒரு நிமிசம்" என்று கேட்டு, அப்பா அம்மா இரண்டு பேரையும் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் முதுகை மடக்கி உட்கார்ந்தேன். பிள்ளை என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டது.

"நான்தான் குடுத்தேன். ஒன் பேப்பர நான்தான் ஒங்க அப்பாகிட்டக் குடுத்தேன். தப்பு எம்மேலதான். அதுக்கு நீ என்னைய என்ன வேணா சொல்லு. இப்ப அந்த மூணாவது கேள்விய மட்டும் இந்த டாக்டருகிட்டச் சொல்லட்டா? அவருகிட்ட மட்டும். வெளிய நிக்கிறவங்களுக்கு இல்ல. நீ தலையாட்டு."

மனசுக்குள் பரலோக மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன். அது முடிவதற்குள் தலை ஆடாவிட்டாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன், மறைக்கவில்லை. உயிர் என்று வந்துவிட்டால் காத்திருக்க முடியாது. ஆனாலும் முதலில் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பாதி மந்திரத்தில் மொட்டைத் தலை லேசாக ஆடியது. அதன் பிறகு அதுவே பேசியது. "ஒரு அட்டை மாத்திர, முழுசும்" என்றது. "சீக்கிரம் மாறிரும்னு நெனச்சேன்."

டாக்டர் மாத்திரை பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மத்தியானத்துக்குள் வாந்தி நின்றது, சாயங்காலம் கஞ்சி குடித்தது. ஒருநாள் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

சேவியர், இந்த இடம் உனக்கு. நான் திருப்பி அனுப்பிய அன்றைக்கே, பதினாறு வயசுப் பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு வந்து கேட்டதும் அந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிய மெடிக்கல்காரர் ஒருத்தர் இருக்கிறார். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. நான் கேட்கக்கூடாததைக் கேட்டுப் படித்தேன். அவர் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேருமே கவுண்டரில் உட்கார்ந்தவர்கள்தான்.

மறுநாள் புதன்கிழமை. டாக்டரம்மா வந்ததும் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அண்ணே, ஸ்கூல் ஸ்கூலாப் போயி வாங்கன்னு நான் கூப்புடுறேன். நீங்க வாசல்ல ஒக்காந்து போன்னு அனுப்புறீங்க" என்றார். "அது வைத்தியம் கேக்கலண்ணே. வெவரம் கேட்டுச்சு. அவ்வளவுதான்."

பிறகு அப்பாவையும் பிள்ளையையும் அறைக்குக் கூப்பிட்டார். அம்மாக்காரி வெளியில் பெஞ்சில் இருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். பூக்கடைக்காரர் உட்காரும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, நீங்க என்ன சொன்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் கையெழுத்தே கேக்கலியேங்க."

"ஊசி போட்டு மாத்திருவாங்கன்னு..."

"யாரும் எதையும் மாத்தல. மருந்து, ஆபரேசன்னு ஒரு பேச்சு வந்தா, பதினெட்டு வயசுக்குள்ளன்னா பெத்தவங்க சம்மதம் இல்லாம நடக்காது. இந்தப் புள்ளையோட சம்மதம் இல்லாமயும் நடக்காது. அதுக்கு முன்னாடி எத்தனையோ பேச்சு, எத்தனையோ பரிசோதன. ஆனா ஒரு கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு யாரு கையெழுத்தும் வேண்டியதில்லங்க. பதில் கெடைச்சிருந்தா அந்த அட்டைய முழுங்கியிருக்காது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேட்டி மடிப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். கசங்கி, மடிப்பில் கிழிந்து, அதில் பூ வாசம் வந்தது. ஒரு வாரமாக இடுப்பிலேயே வைத்திருந்திருக்கிறார்.

டாக்டரம்மா அதைப் படிக்கவில்லை. பிள்ளையின் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒன்னோட பேப்பரு. நீ குடுத்தா நான் பதில் சொல்றேன். சொல்லும்போது யாரு யாரு இங்க இருக்கலாம்னு நீ சொல்லு. நீயும் நானும் மட்டும்னாலும் சரி."

பிள்ளை தாளின் மடிப்பை விரலால் நீவியது. மொட்டை போட்டது யார், டிக்கெட் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். அப்பாவை வெளியே அனுப்பும் என்றுதான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அப்பா இருக்கட்டும்" என்றது. பிறகு என்னைப் பார்க்காமல், "அவரு வெளிய போகட்டும்."

நான் வெளியே வந்தேன். கதவை நானே சாத்தினேன்.

முப்பத்து நாலு வருஷ வேலையில் பெரிய டாக்டர்களும் அதிகாரிகளும் என்னை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. உறைத்ததோடு, சரியான ஆளைத்தான் அனுப்பியது என்றும் தோன்றியது. கோவிலில் வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்தையெல்லாம் சொல்ல முழங்கால் போடுகிறவன் நான். அங்கேயும் ஒரு தடுப்பு, நடுவில் ஓட்டை. உள்ளே இருக்கிற சாமியார் மறுநாள் உங்கள் அம்மாவிடம் வந்து, "ஒங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு தெரியுமா?" என்று கேட்டால் நான் ஊரைவிட்டே போயிருப்பேன். அதே மாதிரி ஓட்டைக்குப் பின்னால் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. வாசல் படியில் பூக்கடைக்காரர் நின்றார், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, பிள்ளையின் மொட்டைத் தலையில் போட்டார். பிள்ளை அதைத் தள்ளிவிடவில்லை. முக்காடு மாதிரி இழுத்துக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். சம்சாரத்தையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"மூணு கேள்விக்கும் வெவரமாச் சொன்னாங்க மாமா. மொத கேள்விக்கு, நோயில்லன்னாங்க. எனக்கு இன்னும் மனசு ஒப்பல. ஆனா திருப்பூரு வேணாம்னு சொல்லிட்டேன். திங்கக்கெழமையிலேருந்து ஸ்கூலுக்குப் போகட்டும்."

"நாலாவதுக்கு என்ன சொன்னாங்க மாப்ள?"

அவர் கை வேட்டி மடிப்புக்குப் போனது.

"பதிலு சொல்லல. மன்னிச்சிருன்னாங்க. அந்தம்மா, எம்புள்ளகிட்ட."

நான் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

இதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. இதைப் பற்றித் தெரிந்த டாக்டர்கள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பேச்சு மட்டும்தான் நடந்தது. பிள்ளை பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்குப் போய்விட்டது. இப்போது வயசு தாண்டிவிட்டது, என்ன முடிவு எடுத்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. பூ மார்க்கெட்டில் அவரைப் பார்த்தால் பூ விலை கேட்கிறேன், மழை பற்றிப் பேசுகிறேன். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். பெருநாளுக்கு மல்லிகை இன்னமும் வருகிறது, அதற்கு நான் தகுதியா என்று யோசித்துக்கொண்டே உங்கள் அம்மாவிடம் கொடுக்கிறேன்.

ரீத்தா, உன்னிடம் பெண் பிள்ளைகள் வருவார்கள், பையன்கள் வருவார்கள், இரண்டிலும் சேராமல் தவிக்கிறதும் வரும். எல்லாமே முதலில் 'பிரண்டுக்கு' என்றுதான் ஆரம்பிக்கும். நாய்க்கடியில் சொன்னது சரி, இதில் சொன்னது தப்பு, எப்படிப் பிரிப்பது என்று நீ கேட்பாய். எனக்கும் கணக்காகச் சொல்லத் தெரியாது. உயிருக்கு ஆபத்தா என்று பார். இல்லையென்றால் வாயை மூடு. ஆபத்து என்றாலும் யாரிடம் சொன்னால் காப்பாற்ற முடியுமோ அவரிடம் மட்டும் சொல், முடிந்தால் அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல். இவ்வளவுதான் அப்பாவுக்குத் தெரியும்.

அந்தப் புதன்கிழமை ஒரு மணிக்குக் கவுண்டரை மூடினோம். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிளேடும் எடுத்துக்கொண்டு வெளிப்பக்கம் வந்தேன். என் அட்டையை நனைத்து, ஊறவிட்டு, சுரண்டினேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், லேசில் வரவில்லை. சிவப்பு மை கரைந்து முழங்கை வரைக்கும் வழிந்தது. கடைசித் துணுக்கும் போன பிறகு துணியால் துடைத்துவிட்டு, அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் நின்று, அது குனிந்த மாதிரிக் குனிந்து, பிறகு நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாளும் அட்டை இருந்த இடத்துக்கு நேர் பின்னால் என் நாற்காலி தெரிந்தது. உட்கார்ந்திருக்கிறவனின் முகம் இருக்க வேண்டிய இடம் அது.